முட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் சீட்டை என்னிடம் நீட்டி, "சிஸ்டர், ஒன்னு கேக்கட்டுமா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். உள்ளே கேட்கக் கூச்சம், வீட்டில் கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

ஓவுலேஷன், ஓவுலேஷன்னு சொல்றாங்களே, உள்ளே என்னதான் நடக்குது சிஸ்டர்?

கருப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் பத்து இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் அதில் சில வளரத் தொடங்கும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு, நீர் நிறைந்த சின்னப் பையாகப் பெரிதாகும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாக விட்டதும், ஒன்றரை நாளுக்குள் அந்தப் பை உடைந்து முட்டை வெளியே வரும். அதுதான் ஓவுலேஷன்.

வந்த முட்டையைக் கருக்குழாய் வாங்கிக்கொள்ளும். அங்கே அது 12 மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் ஒரு நாள் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணு கிடைத்தால் கரு. கிடைக்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் மாதவிடாய்.

முதல் நாள்னு எதை எடுத்துக்கணும்? தலைக்குக் குளிச்ச நாளா?

இல்லை. நன்றாக இரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தின நாள் லேசாகப் பொட்டுப் பொட்டாகப் பட்டிருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம்.

வயதான அம்மாக்கள் பலர் இன்னும் குளித்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். கர்ப்பமாக இருப்பதை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வதே அந்தக் கணக்கில் வந்ததுதான். மகளோடு வரும் அம்மா தேதி சொன்னால், "அது குளித்த தேதியா, பட்ட தேதியாம்மா?" என்று நான் மறுபடி கேட்டுவிடுவேன். மூன்று நான்கு நாள் மாறிப்போனால் கீழே சொல்லும் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

14-ஆம் நாள்தானே முட்டை வரும்?

இந்த ஒரு எண்ணால் வீணாகப் போன மாதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறவருக்கு 14-ஆம் நாளையொட்டி வரலாம். மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை உள்ள நாட்கள்தான் ஒரு சுழற்சி. அதில் முட்டை வருவதற்கு முந்தைய பாதி ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீளும், சுருங்கும். வந்த பிறகான பாதி அவ்வளவாக மாறாது. பெரும்பாலும் 12 முதல் 14 நாள். அதனால் எண்ண வேண்டியது அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி. ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1920-களில் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்னது இதைத்தான். 35 நாள் சுழற்சிக்காரருக்கு முட்டை 21-ஆம் நாளையொட்டி வரும். 24 நாள் என்றால் 10-ஆம் நாளையொட்டி. 35 நாள் சுழற்சி இருப்பவர் 12, 13, 14 என்று மூன்று நாளை மட்டும் ஒதுக்கிக்கொண்டால் முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் அதே மாதக் காலண்டரில் முதல் நாளை வட்டம் போட்டு வையுங்கள். ஆறு மாதம் சேர்ந்தால் உங்கள் குறுகிய சுழற்சியும் நீண்ட சுழற்சியும் தெரிந்துவிடும். வயது வந்தவர்களுக்கு 21 நாள் முதல் 35 நாள் வரை எதுவும் சாதாரணமே.

அப்போ எந்தெந்த நாள்ல சேர்ந்து இருக்கணும்?

முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும், வரும் நாளும். மொத்தம் ஆறு நாள். நல்ல சூழலில் விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு காத்திருக்கும். முட்டையால் காத்திருக்க முடியாது. 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கரு தங்கியவை எல்லாமே இந்த ஆறு நாளுக்குள் சேர்ந்ததால் தங்கியவையாக இருந்தன. முட்டை வந்த மறுநாள் சேர்ந்தவர்களுக்குத் தங்கவில்லை.

எனவே "முட்டை வந்ததா என்று பார்த்துவிட்டு" என்று காத்திருக்காதீர்கள். மாதவிடாய் நின்றதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும். நாள் பார்த்துப் பார்த்து வீட்டில் பேச்சே அது மட்டும் என்றாகி, கணவன் மனைவி இருவரும் சோர்ந்துபோன கதை எத்தனையோ. அவர்களுக்கு டாக்டர் முதலில் சொல்வதே காலண்டரை இரண்டு மாதம் எடுத்து வையுங்கள் என்பதுதான்.

நடுவுல தண்ணியா, கொழகொழன்னு வெள்ளைப்படுது. உடம்பு சூடுதானே? எலும்பு உருகுதுன்னு மாமியார் சொல்றாங்க

எலும்பு உருகவில்லை, சூடும் இல்லை. நீங்கள் காசு கொடுத்து ஸ்கேனில் தேடும் அடையாளத்தை உடம்பு இலவசமாகக் காட்டுகிறது. இதை நோய் என்று நினைத்து வெந்தயமும் மோரும் குடித்து, அந்த நாட்களில் கணவரிடமிருந்து விலகியும் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கிடைத்த நல்ல நாளே அதுதான்.

மாதவிடாய் நின்றதும் சில நாள் வறண்டு இருக்கும். அப்புறம் பசை மாதிரி ஒட்டும் வெள்ளை. பிறகு லோஷன் மாதிரி. முட்டை நெருங்க நெருங்க ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி, கருப்பை வாயில் சுரக்கும் திரவம் நிறமில்லாமல், வழுக்கலாக, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீளும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இருக்கும். முட்டையைத் தொட்டே பார்க்காத வீடுகளில் வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் வரும் கொழகொழப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விந்தணு நீந்திப் போகவும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கவும் இந்தத் திரவம் வேண்டும். வழுக்கல் இருக்கும் கடைசி நாளையொட்டித்தான் முட்டை வரும். மறுநாளே ஒட்டும் தன்மைக்கு மாறிவிடும். மெல்போர்னைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி இதை மட்டுமே வைத்து ஒரு முறையை உருவாக்கி உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போது துடைத்துப் பார்த்தாலே தெரியும், உள்ளே கைவிட வேண்டியதில்லை.

நோய் என்றால் வேறு அடையாளம் இருக்கும்: திரிந்த பால் போல் கட்டி கட்டியாகப் பட்டு அரிப்பது, மீன் கவிச்சி போன்ற வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், எரிச்சல், அடிவயிற்று வலியோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில டெம்பரேச்சர் பாருன்னு சொன்னாங்க. பார்த்தா தினமும் ஒன்னொன்னு காட்டுது

முட்டை வந்த பிறகு புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரப்பதால் உடல் வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி, அடுத்த மாதவிடாய் வரை மேலேயே நிற்கும். முன்பு 97.2, 97.4 என்று இருந்தது 97.9, 98.1 என்று போகும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். நெற்றியில் காட்டும் துப்பாக்கி உதவாது.

கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, நாக்கின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். காபிக்குப் பிறகு பார்த்தது செல்லாது. தண்ணீர் லாரி வந்ததென்று நான்கு மணிக்கு எழுந்து குடம் தூக்கிவிட்டு வந்து பார்த்தாலும், மே மாதத்தில் கரண்ட் போய் இரவெல்லாம் வேர்த்துப் புரண்டாலும் அன்றைய எண்ணை நம்பாதீர்கள். குறிப்பு எழுதி விட்டுவிடுங்கள். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. முந்தைய ஆறு நாளைவிட உயர்ந்த எண் தொடர்ந்து மூன்று நாள் நின்றால்தான் முட்டை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், வந்துவிட்டது. வெப்பம் ஏறும்போது அந்த மாதத்தின் வாய்ப்பு முடிந்திருக்கும். இது அடுத்த மாதத்துக்கான பாடம். இந்த மாதத்துக்கு உதவுவது முந்தைய பதிலில் சொன்ன வழுக்கல்தான்.

ஓ.எம்.ஆர்.ல நைட் ஷிஃப்ட். நான் எப்போ பார்க்கிறது?

உங்களுடைய நீண்ட தூக்கம் எப்போது முடிகிறதோ அப்போது. மதியம் மூன்று மணி ஆனாலும் சரி. மூன்று நான்கு மணி நேரமாவது விடாமல் தூங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் இந்த முறையை விட்டுவிடுங்கள்.

மெடிக்கல்ல விக்கிற ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பை எப்படிப் பார்க்கிறது? ரெண்டு கோடு வந்தா சரிதானே?

கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் கணக்கு. இதில் அப்படி இல்லை. எல்.எச். எப்போதும் கொஞ்சம் உடம்பில் இருக்கும். மங்கலான கோடு சும்மாவே வரும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் எல்.எச். ஏறிவிட்டது என்று பொருள். அப்படிக் காட்டினால் அடுத்த ஒரு நாள், ஒன்றரை நாளில் முட்டை வரும். அன்றும் மறுநாளும் முக்கியம்.

எந்த நாளில் தொடங்குவது? உங்கள் குறுகிய சுழற்சியிலிருந்து 17-ஐக் கழியுங்கள். 30 நாள் என்றால் 13-ஆம் நாளிலிருந்து. காலை முதல் சிறுநீர் வேண்டாம், எல்.எச். பெரும்பாலும் விடியற்காலையில்தான் ஏறத் தொடங்கும், சிறுநீரில் தெரியச் சில மணி நேரமாகும். மதியமோ மாலையோ, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு லிட்டர் கணக்கில் குடிப்போம். சோதனைக்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீர்த்துப்போய் கோடு தெரியாது.

எனக்கு பி.சி.ஓ.டி. ஸ்ட்ரிப்ல பத்து நாளா அழுத்தமான கோடு. தினமுமா முட்டை வருது?

இல்லை. பி.சி.ஓ.டி. என்பது சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைய இருந்தும் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை. அது உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கும். அதனால் ஸ்ட்ரிப் ஏமாற்றும். சிலருக்கு உடம்பு முட்டையை வெளியே விட முயன்று முடியாமல் போய், மறுபடி முயலும். வழுக்கலும் இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். வெப்பம் ஏறி நின்றால் ஓரளவு நம்பலாம். உங்களுக்கு ஸ்கேன்தான் சரி. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே முட்டை வருவது பலருக்குத் திரும்பிவிடுகிறது. 80 கிலோ என்றால் 4 கிலோ. எட்டாத தூரம் இல்லை.

ஆப்ல பச்சை கலர் காட்டுற நாள் சரியா இருக்குமா?

தேதி மட்டும் போட்டால் ஆப்பும் 14-ஆம் நாள் கேள்வியில் பார்த்த அதே பின்கணக்கைத்தான் போடுகிறது. போன மாதங்களை வைத்துச் செய்யும் ஊகம் அது. இந்த மாதம் டெங்கு வந்து படுத்திருந்தீர்கள், வீட்டில் ஒரு துக்கம் என்றால் முட்டை தள்ளிப்போகும். ஆப்புக்கு அது தெரியாது. குறித்துவைக்கும் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவுல ஒரு பக்கம் மட்டும் சுருக்குன்னு வலிக்குது

முட்டை வரும் சமயத்தில் சிலருக்கு அப்படி வலிக்கும். சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள் இருக்கும். மாதம் மாறி மாறி இடம் வலம் என்று வர வேண்டும் என்ற விதியும் இல்லை. நிமிர முடியாத வலி, வாந்தி, மயக்கம், நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி என்றால் வீட்டில் இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாசாமாசம் பீரியட்ஸ் வருதே, அப்போ முட்டை வருதுன்னுதானே அர்த்தம்?

21 முதல் 35 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆமாம். ஆனால் முட்டை வராமலும் இரத்தப்போக்கு வரலாம். தைராய்டு குறைவு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கூடுதல், பி.சி.ஓ.டி., திடீரென எடை இறங்குவது ஆகியவற்றில் இதைப் பார்க்கிறோம்.

உறுதிசெய்ய இரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோன் பார்ப்பார்கள். "21-ஆம் நாள் டெஸ்ட்" என்று லேபில் எழுதியிருக்கும். அந்த 21-உம் 28 நாள் சுழற்சிக்கான கணக்கே. எடுக்க வேண்டியது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு. 35 நாள்காரர் 28-ஆம் நாளில்தான் கொடுக்க வேண்டும். முன்னாலேயே கொடுத்துவிட்டு "எனக்கு முட்டையே வரலையாம்" என்று அழுதவர்கள் உண்டு.

ஃபாலிக்குலர் ஸ்டடின்னு நாலு தடவை வரச் சொல்றாங்க. ஒரே ஸ்கேன்ல தெரியாதா?

முட்டைப் பை நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும். 18 மில்லிமீட்டரைத் தாண்டி, பெரும்பாலும் 25-க்குள் உடையும். வளர்வதையும் உடைந்ததையும் வேறு வேறு நாளில் பார்த்தால்தான் தெரியும். 9 அல்லது 10-ஆம் நாளில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரச் சொல்வது அதற்குத்தான். நீண்ட சுழற்சி என்றால், "எனக்கு 38 நாளைக்கு ஒருமுறைதான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாமதமாகத் தொடங்குவார்கள், செலவும் குறையும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம்; தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை.

உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வயிற்றின் மேல் என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். எது என்று வெளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரட்டைப்படை நாள்ல சேர்ந்தா பையன், ஒற்றைப்படைன்னா பொண்ணுன்னு சொல்றாங்களே?

உண்மை இல்லை. விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவருகிறதா, ஒய் குரோமோசோமையா என்பதுதான் தீர்மானிக்கும். நாளுக்கு அதில் பங்கில்லை. கருவின் பாலினத்தைச் சோதித்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் சுவரிலும் அந்தப் பலகை தொங்குகிறது. பெண்ணாகப் பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்கிறவர்களுக்கு இந்த எக்ஸ், ஒய் விஷயத்தை நான் சற்று உரக்கவே சொல்வேன்.

எங்களுக்கு இப்போ குழந்தை வேண்டாம். இதையே திருப்பிப் போட்டு சேஃப் நாள் பார்க்கலாமா?

சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் இருப்பவர்கள் 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை விலகி இருக்கும் ஒரு முறை உண்டு. பன்னிரண்டு நாள்! முட்டை எவ்வளவு நகரும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியும் தவறுகிறது. சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் இதை நம்பவே கூடாது. கட்டாயம் தள்ளிப்போட வேண்டும் என்றால் காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை எல்லாம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

பால் கொடுக்கிறேன், பீரியட்ஸே இன்னும் வரல. முட்டை வராதுதானே?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாயும் வரவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று தவறினாலும் நம்பாதீர்கள். முட்டை முதலில் வந்துவிடலாம், அப்போது மாதவிடாய் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் ஒரு மாதவிடாய்கூடப் பார்க்காமலே அடுத்த கர்ப்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணமாகி ஒன்பது மாசம். "ஏதாவது விசேஷமா?"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. டாக்டரை எப்போ பார்க்கணும்?

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்ற பிறகு. மாதவிடாய் ஒழுங்கில்லை, முன்பு குழாய்க் கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) என்றால் காத்திருக்கவே வேண்டாம். விசேஷம் கேட்பவர்களின் காலண்டருக்கு உங்கள் உடம்பு பதில் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் ஒன்று. ஆடிக்குத் தாய்வீட்டில் இருந்த மாதம், கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த 48 நாள், அவர் கப்பலிலோ துபாயிலோ இருந்த மாதங்கள், கரு தங்கக்கூடிய அந்த ஆறு நாளும் விரதத்திலேயே போன மாதம் இவற்றையெல்லாம் கழித்துவிடுங்கள். ஒன்பது மாதம் என்று வந்தவரோடு உட்கார்ந்து எண்ணினால் நான்குதான் தேறும்.

வரும்போது கணவரையும் அழைத்து வாருங்கள். தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனை ஒரே நாளில் முடியும், ஊசிகூடக் கிடையாது. அதைச் செய்யாமலே மனைவிக்கு ஆறு மாதம் ஃபாலிக்குலர் ஸ்டடி ஓடியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும்.

முட்டை வெடிக்க ஊசி போட்டாங்க. எட்டாம் நாள் கார்டுல ரெண்டு கோடு! கன்ஃபார்மா?

சந்தோஷத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. என்ற கர்ப்ப கால ஹார்மோன்; கர்ப்பம் பார்க்கும் கார்டு தேடுவதும் அதையே. ஊசி மருந்து உடம்பை விட்டுப் போக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பார்த்தால் ஊசியைத்தான் பார்க்கிறீர்கள்.

அதோடு, ஊசிக்குப் பின் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரை கொடுத்திருந்தால் மாதவிடாய் தானாகவே தள்ளிப்போகும்; நாள் தள்ளிப்போனதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஊசி போட்டு 15, 16 நாள் ஆன பிறகு பீட்டா எச்.சி.ஜி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது நன்றாக ஏறியிருந்தால் அது ஊசியின் வேலை இல்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.